முந்தலில் மறித்த வண்டி

சிலமலை
20.8.2025

பொற்கொடிக்கு,

அண்ணன் முனீஸ்வரன் எழுதுவது. முன்னால் ‘அன்புள்ள’ என்று போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

நேற்றிலிருந்து போன் போட்டுப் பார்த்திருப்பாய். உன் நம்பரை அடைத்துவிட்டேன். போனில் உன்னிடம் பேசி யாராலும் ஜெயிக்க முடியாது. மேடை ஏறிப் பழகிய வாய். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது.

நேற்று விடியக்காலை முந்தல் செக்போஸ்ட்டுக்கு முன்னால் உன் சங்கத்துப் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்து வண்டியை மறித்தார்கள். போடிமெட்டு ஏறுகிற ஜீப்பு எத்தனையோ இருக்க, மறித்தது உன் சொந்த அண்ணன் வண்டியை. பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகளோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் இருந்தது நிஜம்தான். இல்லை என்று சொல்லவில்லை. அதுகளை நானா வீடு வீடாகப் போய்த் தூக்கி வந்தேன்? பெற்றவர்கள் டிபன் வாளியைக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். காய் எடுப்பு சீசனில் எந்த வண்டியில் பிள்ளைகள் இல்லை, சொல்.

போலீசைக் கூட்டி வந்தாய். லேபர் ஆபீசரைக் கூட்டி வந்தாய். போட்டோக்காரன் எதற்கு? இன்றைய பேப்பரில் என் வண்டி நம்பரோடு வந்திருக்கிறது. டீக்கடைச் சின்ராசு அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறான். “முனீசு, ஒந்தங்கச்சி ஒன்னயப் பெரிய ஆளாக்கிட்டா போலயே” என்று கேட்கிறான். கடையில் இருந்தவன் எல்லாம் சிரிக்கிறான். உன் ஆபீசுக்குச் சென்னையிலிருந்து பாராட்டி போன் வந்திருக்குமே. சந்தோஷமாக இரு.

நீ மதுரைக்குப் படிக்கப் போன அன்று நம் சொந்தபந்தம் எல்லாம் வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? “பொட்டப் பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டா, நாளைக்கு நீ தலையத் தூக்கி நடக்க முடியாது முனீசு” என்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உன் பெட்டியை ஏற்றினேன். எந்த வண்டியில்? இப்போது போடி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறதே, அதே வண்டியில். அன்று அவர்கள் சொன்னது கடைசியில் பலித்துவிட்டது. தலையைத் தூக்கி நடக்க முடியவில்லை.

வீட்டுப் பக்கம் வராதே. உன் மதினியிடமும் சொல்லிவிட்டேன்.

முனீஸ்வரன்


போடிநாயக்கனூர்
24.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் விட்ட சொல்லை நான் போட்டிருக்கிறேன். பழகிய கை, எழுதிவிட்டது.

உங்கள் வண்டி என்று யாரும் குறி வைக்கவில்லை. முதலில் வருகிற ஜீப்பை மறிப்பது என்று பிள்ளைகள் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். முந்தலை முதலில் தாண்டுவது எப்போதும் நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஜூன் மாதம் வீட்டுக்கே வந்து சொன்னேன், “அண்ணே, பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்தாதீங்க” என்று. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள். ஜூலையில் ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்தேன். அத்தனை பேர் முன்னால் “போ, போயி ஒஞ்சோலியப் பாரு” என்றீர்கள். இதுதான் அண்ணே என் சோலி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான இந்தச் சங்கத்தை ஆரம்பித்ததே இதற்குத்தான். சிலமலையில் எட்டாவது படிக்கிற பிள்ளை ஆவணியில் காய் எடுக்கப் போனால் தை மாதம்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புகிறாள். அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிடுகிறாள். வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஒச்சப்பன் மகள் வித்யாவை முதல் நாள் மலைக்கு ஏற்றிப்போனது உங்கள் வண்டிதான். பதினாறு வயதில் அவளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “நல்லாப் படிக்கிற பிள்ள, பாவம்” என்று என்னிடம் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். பந்தியில் உட்கார்ந்து பரிதாபப்படுவது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பெற்றவர்கள் ஏற்றிவிட்டார்கள் என்கிறீர்கள். வாசலில் வந்து ஒரு வண்டி நிற்கிறதே, அதனால்தான் ஏற்றிவிடுகிறார்கள்.

என் பெட்டியை நீங்கள் ஏற்றியதை மறக்கவில்லை. “எந்தங்கச்சி படிக்கணும்ன்றா, படிப்பா. ஒங்ககிட்ட யோசன கேக்கல” என்று வாசலில் நின்று சொன்னீர்களே, அந்த அண்ணனைப் பற்றித்தான் எல்லாக் கூட்டத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். ஒரு தங்கைக்கு வழிவிட்டவர் என்பதற்காக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மலையேற்ற உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

சென்னையிலிருந்து போன் வந்தது. பாராட்டினார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தங்கை
பொற்கொடி


சிலமலை
1.9.2025

பொற்கொடிக்கு,

மதினி முழங்காலை விடு. உன்னிடம் கேட்க வேறு இருக்கிறது.

வண்டியை விட்டுவிட்டார்கள். இனிமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினால் பர்மிட் போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டு ஓட்டி வந்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்று ஸ்டாண்டில் மொக்கையன் தன் போனைக் கொண்டு வந்து காட்டினான். அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோ. ரோட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி துப்பட்டாவை மூக்கு வரைக்கும் சுற்றியிருந்தாள். என் வண்டி லைட் அவள் முகத்தில்தான் விழுகிறது. மற்ற பிள்ளைகள் கண்ணைச் சுருக்குகிறார்கள். அவள் நேரே பார்க்கிறாள். “யாருண்டு தெரியுதா மாப்ளே?” என்று மொக்கையன் கேட்டான். அந்தக் கண்ணைத் தெரியாதா எனக்கு? பிறந்த அன்றைக்கு அந்தக் கண்ணை முதலில் பார்த்தவன் நான்.

என் மகள் ரோஜா உட்கார்ந்திருந்தாள். அது தெரியாமல் நான் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து “நீதானா?” என்று கேட்டேன். “ஆமாப்பா” என்றாள். அழவும் இல்லை, ஓடவும் இல்லை. நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதையும் பேப்பரில் போட்டிருப்பாய்.

என்னை எதிர்க்க உனக்கு ஆளா கிடைக்கவில்லை? பெற்ற அப்பன் வண்டிக்கு முன்னால் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறாய். பிரேக் பிடிக்காமல் போயிருந்தால்?

நாளையிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். என் வண்டியிலேயே மலைக்கு வருவாள். பூப்பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேசிவிட்டேன். அப்பன் எந்த ரோட்டில் ஓட்டுகிறான், சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளட்டும். சொந்த மகளை ஏற்றுகிறேன், எவன் கேட்கிறான் பார்க்கிறேன்.

முனீஸ்வரன்


போடிநாயக்கனூர்
4.9.2025

அண்ணே,

ரோஜாவை நான் கூப்பிடவில்லை. அன்று விடியக்காலை முந்தலில் மற்ற பிள்ளைகளோடு அவள் வந்து நின்றபோதுதான் பார்த்தேன். “நீ வீட்டுக்குப் போ ஆத்தா. வர்றது ஒங்கப்பா வண்டி” என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“மத்த பிள்ளைக அப்பாவுக்கு ஒரு சட்டம், எங்கப்பாவுக்கு ஒரு சட்டமா அத்த? எங்கப்பா வண்டின்றதுனாலதான் வந்தேன். நான் ஒக்காராம மத்த பிள்ளைகள மட்டும் ஒக்காரச் சொன்னா நல்லாருக்குமா?”

அவள் போய் நடுவில் உட்கார்ந்தாள். துப்பட்டாவைச் சுற்றியது உங்களுக்குப் பயந்து இல்லை. நீங்கள் பார்த்தால் உடைந்துபோவீர்கள் என்று சுற்றினாள்.

அந்தப் பிள்ளையைத்தான் கொண்டுபோய் மருந்தடித்த செடிக்குள் உட்கார வைத்திருக்கிறீர்கள். இந்த வருஷம் அவளுக்குப் பொதுத்தேர்வு. உங்களுக்கு என் மேல் கோபம் என்றால் என் ஆபீஸ் கண்ணாடியில் கல்லெறியுங்கள். வந்து என்னை வாய்க்கு வந்தபடி பேசுங்கள். அதை விட்டுவிட்டு என்னை அடிக்கப் பிள்ளையின் படிப்பை எடுத்து ஓங்குகிறீர்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அண்ணன் என்று பார்த்துச் சொல்லாமல் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் இல்லை என்றால் லேபர் ஆபீசில் மனுக் கொடுப்பேன். சங்கத்தின் பேரில் இல்லை. என் பேரில், என் கையெழுத்தில், உங்கள் மேல்.

பொற்கொடி


சிலமலை
15.9.2025

பொற்கொடிக்கு,

திங்கட்கிழமை வந்து போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமையும் வந்துவிட்டது. மனுவைக் காணோம். பேனாவில் மை இல்லையா?

கோழை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. உனக்குப் பிள்ளையா குட்டியா, உனக்கு என்ன தெரியும் பெற்றவன் வயிற்றெரிச்சல்? எவனையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாய். அதற்கும் நான்தான் மாமன் மச்சான் எல்லாரிடமும் சண்டை போட்டேன். இப்போது அடுத்தவன் பெற்ற பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, அதுகள் ‘அக்கா அக்கா’ என்று கூப்பிட நிறைந்துபோய் இருக்கிறாய். என் மகளையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறாய். நடக்காது.

உன் ஆபீஸ் ரூம் விஷயமாக வெள்ளைத்துரையிடம் பேசினேன். அவர் கட்டடம், அவர் இஷ்டம். அவருடைய மைத்துனனுக்கும் ஸ்டாண்டில் இரண்டு வண்டி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய், மறைக்காதே. மகளை மலைக்குக் கூட்டிப்போனதிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்து பொம்பளைகளோடு பேசிக்கொண்டே வருகிறாள். எனக்குக் கண்ணாடியில் எல்லாம் தெரிகிறது, காதிலும் விழுகிறது. சுந்தரம்மாள் எப்போதும் பின்படியில் தொங்கிக்கொண்டுதான் வருவாள். அவளிடம் இவள் கேட்கிறாள், “ஏன் அத்த தொங்கிட்டு வர்றீங்க? உள்ள ஒக்கார வேண்டியதுதான?”

“உள்ள எடம் எங்கத்தா இருக்கு?”

“அப்ப வண்டி நெறஞ்சுருச்சுண்டுதான அர்த்தம்? நெறஞ்ச வண்டியில எதுக்கு ஏறுறீங்க?”

சுந்தரம்மாள் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை ஏதோ பேசுகிறாள் என்று நானும் விட்டேன். நாலு நாள் இதே பேச்சு. போன வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன், எல்லாரும் ரோட்டோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உட்கார்ந்து போகிற அளவுக்குத்தான் ஏறுவோம், மடியில் மடியாக உட்கார மாட்டோம், படியில் தொங்க மாட்டோம், மற்றவர்களுக்கு இன்னொரு நடை வா என்கிறார்கள். “வெரசா ஏறுங்க, நேரமாச்சு” என்று கத்திப் பார்த்தேன். “நேரமாச்சுண்டா நீ வெரசாப் போயிட்டு வெரசா வா அப்பு” என்கிறாள் சுந்தரம்மாள். என் மகள் சாப்பாட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நிற்கிறாள்.

இரண்டு நடை போய் வருவதற்குள் தோட்டத்தில் சூப்பர்வைசர் சேட்டன், “எந்தா இத்தற வைகியே?” என்று தாமதத்துக்கு என்னைத்தான் பிடித்துத் திட்டுகிறான். இப்போது மற்ற வண்டிகளிலும் பொம்பளைகள் இதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். ஸ்டாண்டில் ஒருத்தனும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முனீஸ்வரன்


போடிநாயக்கனூர்
22.9.2025

அண்ணனுக்கு,

இன்று மனுக் கொடுத்துவிட்டேன். உங்கள் பேர், வண்டி நம்பர், தோட்டத்தின் பேர், ரோஜாவின் பேர், கீழே என் கையெழுத்து. இந்த வாரத்திற்குள் ஆபீசர் வீட்டுக்கு வருவார்.

ரோஜாவிடம் நான் பேசி ஒரு மாதம் ஆகிறது. சுந்தரம்மாளிடம் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு அழுதேன். இத்தனை வருஷம் மலைக்குப் போகிற பொம்பளைகளிடம் நான் நோட்டீஸ் கொடுத்துப் பேசியிருக்கிறேன். ஒருத்தியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

பேனாவில் மை இல்லையா என்று கேட்டீர்கள். மை இருந்தது. திங்கட்கிழமை என்று எழுதிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன சனிக்கிழமை பிள்ளைகள் கூட்டம். வெள்ளைத்துரை ரூமைப் பூட்டிவிட்டார், அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள். “வேற பிள்ளண்டா ரெண்டு நாள்ல மனுக் குடுத்துருப்பீங்கல்ல அக்கா? ஒங்க அண்ணன் மகளுண்டுதான இத்தன நாளா உக்காந்துருக்கீங்க?”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நாங்க பேசிட்டுக் கூப்புடுறோம்” என்றார்கள். நான் போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். நான் கட்டின சங்கம், நான் பேசக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள். என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், என் காதில் விழவில்லை. திரும்பக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னார்கள். மனுவை உடனே கொடுக்க வேண்டும். கையெழுத்து நானே போட வேண்டும். இந்த விஷயம் முடியும்வரை கூட்டத்தை நான் நடத்தக் கூடாது.

உங்களிடம் பரிதாபம் வாங்க இதை எழுதவில்லை. உங்கள் தங்கை என்பதற்காக நான் உங்கள் பிள்ளைக்குத் துரோகம் செய்தேன். இத்தனை நாள் செய்தேன். இனிச் செய்ய மாட்டேன்.

எனக்குப் பிள்ளையா குட்டியா என்று எழுதியதை நான் மறக்கப்போவதில்லை.

பொற்கொடி


சிலமலை
6.10.2025

பொற்கொடிக்கு,

ஆபீசர் வந்தார். பொம்பளை ஆபீசர், கூட ஒரு போலீஸ், கூட பள்ளிக்கூட டீச்சர். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். ரோஜாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

“பயப்படாமச் சொல்லும்மா. நீயா இஷ்டப்பட்டு வேலைக்குப் போனியா, அப்பா கூட்டிட்டுப் போனாரா?”

உன் மதினி பொன்னுமணி பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறாள், ‘நானாத்தான் போனேன்’ என்று சொல்லச் சொல்லி. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லட்டும் என்று மகளைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

“எங்கப்பாதான் நிப்பாட்டுனாரு. எங்கப்பாதான் ஏத்திட்டுப் போனாரு” என்றாள்.

“அடியே, ஒங்கப்பன் ஜெயிலுக்குப் போகட்டுமா?” என்று பொன்னுமணி கத்தினாள்.

“கேட்டாக, சொன்னேன்மா. பொய்யச் சொல்லிட்டு நான் எப்படிப் பள்ளிக்கூடம் போயி உக்காருறது?”

ஜெயில் இல்லை. எச்சரிக்கை, அபராதம், பர்மிட் நிறுத்தம். மாசி வரைக்கும் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. கொட்டகையில் படுதா போட்டு மூடிவிட்டேன். மொக்கச்சாமி காட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறேன். பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கையில் இப்போது மண்வெட்டி. பார்க்க நீ வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை நான் கிளம்புகிறேன், யூனிபார்ம் போட்டுக்கொண்டு பையோடு மகள் வாசலில் நிற்கிறாள். “பஸ்ஸ விட்டுட்டேன்ப்பா. வண்டியில கொண்டுபோயி விடுங்க” என்கிறாள். முதல் நாள் ஊர் முன்னால் என் மானத்தை வாங்கினவள் கேட்கிறாள். வீட்டில் இருக்கிற டி.வி.எஸ்.ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கி, “சாயங்காலம் பஸ்சுல வந்துருவேன்” என்றாள். அன்றிலிருந்து இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை பேசுகிறாள்.

உனக்கு இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், கேட்டுக்கொள். என் மகள் என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். சொல்லிவிட்டு என் வீட்டில்தான் இருக்கிறாள், என் தட்டில்தான் சோறு போடுகிறாள். அவளோடு நான் சண்டை போடுவேன், சமாதானமாவேன், அது எங்கள் பாடு. நீ தூரத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாய். உன்னோடு எனக்கு ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு உன் அண்ணன் கதையைச் சொல்வாயாமே. இனி முடிவையும் சேர்த்துச் சொல்.

எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

முனீஸ்வரன்


போடிநாயக்கனூர்
12.10.2025

அண்ணே,

பிரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அதனால் இந்த ஒரு தடவை யாருக்கும் பயப்படாமல் எழுதலாம்.

தூரத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாய் என்கிறீர்கள். வாசலுக்கு வராதே என்று சொன்னது யார்? வந்து நேரே சொல்லத்தான் ஆசைப்பட்டேன். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள், நான் ஆபீசர் வழியாக வந்தேன்.

மண்வெட்டி பிடித்த கையைப் பார்க்க வா என்கிறீர்கள். பார்த்தேன். போன வாரம் தேவாரம் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வரப்பில் நின்று தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மெலிந்துவிட்டீர்கள். பஸ்ஸை நிறுத்தி இறங்க வேண்டும்போல இருந்தது. இறங்கி என்ன சொல்வது? மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் அது பொய். அந்தக் கையெழுத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாலும் போடுவேன். இரண்டையும் எப்படி ஒரே வாயால் சொல்வது என்று தெரியாமல் தேவாரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொற்கொடி


போடிநாயக்கனூர்
24.2.2026

ஜீப்பு உரிமையாளர் திரு. முனீஸ்வரன் அவர்களுக்கு, வணக்கம்.

போன கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. இது அப்படி வரக் கூடாது என்று சங்கத்து உறையில் வைத்து, வெளியே பிள்ளைகளின் பேரைப் போட்டு அனுப்புகிறேன். எழுதுவது நான்தான்.

போடிமெட்டு இறக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் இந்த வருஷம் பத்தாவது பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தேர்வு மையம் போடியில். காலை பஸ் வந்தால் வருகிறது, வராவிட்டால் இல்லை. போன வருஷம் இரண்டு பிள்ளைகள் நேரத்துக்கு வர முடியாமல் கணக்குத் தேர்வை விட்டார்கள். அவர்களை இறக்கிக் கொண்டுவர ஜீப்பு வேண்டும் என்று பிள்ளைகள் ஸ்டாண்டில் போய்க் கேட்டார்கள். முந்தலில் மறித்தவர்களுக்கு வண்டி கிடையாது என்று எல்லா டிரைவர்களும் சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒருவர், “முனீசண்ணன் வரச் சொன்னா நாங்களும் வர்றோம்” என்றாராம்.

கூட்டத்தில் உங்கள் பேரை எடுத்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். அவரிடம் நாம் கேட்கக் கூடாது, கேட்க நமக்கு முகம் இல்லை என்றேன். ரோஜா அங்கேதான் இருந்தாள். “அந்த வளைவுல எங்கப்பா மாதிரி ஓட்ட ஆளில்ல. ஆனா நான் கேக்க மாட்டேன். கேட்டா மகளுக்காக வந்தாருண்டு ஆயிரும்” என்றாள். “அப்ப யாரு கேக்குறது?” என்றார்கள். “கையெழுத்துப் போட்டது அத்ததான. அவுகளே கேக்கட்டும்” என்றாள். எல்லாரும் கை தூக்கினார்கள்.

அதனால் கேட்கிறேன். அடுத்த மாதம் உங்கள் பர்மிட் திரும்பி வருகிறது என்று தெரியும். பரீட்சை நாட்களில் காலையில் பிள்ளைகளைப் போடியில் இறக்கிவிட வேண்டும். எனக்காக இல்லை.

இப்படிக்கு,
சங்கத்துக்காக
பொற்கொடி


சிலமலை
3.3.2026

சங்கத்துப் பிள்ளைகளுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

பர்மிட் நேற்று கைக்கு வந்தது. பேட்டரி மாற்றி, பிரேக் பார்த்துவிட்டேன். பரீட்சை அன்றைக்கு காலை ஏழு மணிக்கு மலையில் லயன் வீட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். உட்கார்ந்து வருகிற அளவுக்குத்தான் ஏற்றுவேன். மீதிப் பிள்ளைகளுக்கு மொக்கையன் வண்டி வரும், பேசியாகிவிட்டது. மற்றவர்களும் தேவைப்பட்டால் வருவார்கள். டீசலுக்கு வாங்கிக்கொள்வேன், இனாமாக ஓட்டவில்லை.

பிள்ளைகள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. வளைவில் வாந்தி எடுத்துவிட்டு வந்து பரீட்சை எழுத முடியாது. இரண்டு இட்லி போதும். மேலே குளிரும், ஸ்வெட்டர் போட்டு வரச் சொல்லுங்கள். ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டதை வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டும். பாதி மலை இறங்கினபிறகு யாராவது ‘விட்டுட்டேன்’ என்றால் என்னால் திருப்ப முடியாது.

பிள்ளைகளைப் பார்த்து ஏற்றிவிட ஒரு பெரிய ஆள் கூட வர வேண்டும். டீச்சர் யாரையாவது அனுப்புங்கள்.

பொற்கொடி என் வண்டியில் ஏறக் கூடாது.

முனீஸ்வரன்